ஓராண்டுப் படிப்பும் ஒரே ஒரு வசந்தமும்: எடின்பரோ தாவரவியல் பூங்காவுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி

எடின்பரோவுக்கு முதுகலை படிக்க வருகிறவர்களுக்குக் கையில் இருப்பது ஓர் ஆண்டுதான். செப்டம்பரில் வந்து இறங்கி, அடுத்த ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் படிப்பு முடிந்தது. இந்தக் கணக்கைப் பாடத்தின் பக்கமிருந்து எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். இன்வர்லீத்தில் இருக்கும் அரச தாவரவியல் பூங்காவின் பக்கமிருந்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓர் இலையுதிர்காலம், ஒரு குளிர்காலம், ஒரு வசந்தம், ஒரு கோடை. எதுவும் இரண்டாவது முறை வராது. ஏப்ரல், மே மாதங்களில் ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும்போது, ‘பரீட்சை முடியட்டும், போகலாம்’ என்று தள்ளிப்போட்டால், பரீட்சை முடியும் நேரத்தில் பெரும்பாலான பூக்கள் தரையில் கிடக்கும். அடுத்த ஏப்ரலில் நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதைக் கிடைக்கிற வேலைதான் முடிவு செய்யும்.

அதனால் இந்த அத்தியாயம் ஒரே விஷயத்தை வலியுறுத்துகிறது. படிப்பெல்லாம் முடிந்தபின் கிடைக்கும் பரிசாகப் பூங்காவை வைக்காதீர்கள். முதல் மாதமே கால அட்டவணைக்குள் அதற்கு ஓர் இடம் போட்டுவிடுங்கள்.

நேரம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை

முதலில் படிப்பின் கணக்கு. எம்.எஸ்சி. என்பது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பொது அளவு. வகுப்பு, வாசிப்பு, எழுத்து, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதில் அடங்கும். செமஸ்டருக்கு 60 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். வகுப்பு வாரங்களையும் தேர்வுக் காலத்தையும் சேர்த்துப் பதினைந்து வாரங்களாக வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 40 மணி நேரம். மாணவர் விசாவில் செமஸ்டர் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். முழு இருபதையும் உழைத்தால்கூட மொத்தம் அறுபது. வாரத்துக்கு உள்ள 168 மணி நேரத்தில் தூக்கத்துக்கு 56-ஐக் கழித்தால் இன்னும் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் மிச்சம். சமையல், துணி துவைப்பது, கடைக்குப் போவது, வீட்டுக்குப் போன் பேசுவது எல்லாம் போனாலும் பூங்காவுக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும்.

ஆனால் அந்த மிச்ச நேரம் பெரும்பாலும் இரவில் கிடக்கிறது. சிக்கல் அங்கேதான். எடின்பரோ ஏறக்குறைய 56 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் ஊர். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை எட்டே முக்காலுக்குத்தான் எழும்பும், பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். பூங்காவும் அதற்கேற்ப நடக்கிறது. தினமும் காலை 10 மணிக்குத் திறப்பார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மாலை 4 மணிக்கு மூடுவார்கள், பிப்ரவரியிலும் அக்டோபரிலும் 5 மணிக்கு, மார்ச் முதல் செப்டம்பர் வரை 6 மணிக்கு. கடைசி நுழைவு அதற்கும் முன்பே முடிந்துவிடும். டிசம்பர் 25, ஜனவரி 1 விடுமுறை.

கோடையிலும் இதை மறந்துவிடாதீர்கள். ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்திருக்கும். ‘எட்டு மணிக்கு நூலகத்திலிருந்து கிளம்பி ஒரு சுற்றுப் போகலாம்’ என்று தோன்றும். போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். வெளிச்சம் நீண்டாலும் பூங்கா ஆறு மணிக்குச் சாத்தப்படும். ஆக, ஆண்டு முழுவதும் பூங்காவுக்குரிய நேரம் முற்பகலும் நண்பகலும்தான். வகுப்பும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. சமாளிக்க வேண்டிய மோதல் இது ஒன்றே.

அட்டவணையில் இடைவெளி தேடுவது

செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் கால அட்டவணை ஆடிக்கொண்டே இருக்கும். டுடோரியல் குழு மாறும், விருப்பப் பாடம் மாறும், அறை மாறும். மூன்றாம் வாரத்தில் அது படிந்துவிடும். அப்போது உட்கார்ந்து, பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் தொடர்ந்து இரண்டரை மணி நேரம் காலியாக இருக்கும் நாள் எது என்று பாருங்கள். முற்பகல் முழுக்கக் காலியாக இருந்து, ஒரு மணிக்கு மேல் வகுப்புத் தொடங்கும் நாள் மிக நல்லது. பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய், பதினொன்றரைக்கு வெளியே வந்து, வகுப்புக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். வகுப்பு முடிந்தபின் போகலாம் என்ற திட்டம் அக்டோபர் வரைக்கும்தான் செல்லும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். மறுநாள் மாலை நான்கரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும்.

பிரிட்டனில் புதன்கிழமைப் பிற்பகலை விளையாட்டுக்கும் சங்கங்களுக்கும் என்று விட்டுவைக்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. எடின்பரோவிலும் இளங்கலை வகுப்புகளைப் புதன் பிற்பகலில் முடிந்தவரை வைப்பதில்லை. நான்காண்டு இளங்கலை படிக்க வந்திருப்பவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. முதுகலைக்கு அந்த உறுதி கிடையாது, உங்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நாள் முடிவானதும் போன் காலண்டரில் அதையும் ஒரு வகுப்பாகவே குறித்துவிடுங்கள். குழு வேலைக்கு நாள் பார்க்கும்போது அந்த நேரம் ‘காலி’ என்று தெரியக் கூடாது. அசைன்மென்ட் கொடுத்த மறுநாள் போவேன் என்று வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நடப்பதில்லை. கெடு முடிந்த மறுநாள் உடம்பு படுக்கையைத்தான் கேட்கும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்பதே நிலைக்கும். கெடு நெருக்கும் வாரத்தில் ஒன்றரை மணி நேரத்தை முக்கால் மணியாகக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் அந்த இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்ளும்.

வகுப்பை விட்டுப் பூங்காவுக்குப் போகும் எண்ணம் மட்டும் வேண்டாம். மாணவர் விசாவில் வந்தவர்களின் வருகையையும் பங்கேற்பையும் பல்கலைக்கழகம் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. பூங்கா அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

போய்ச் சேர்வது

ஊர்க்காரர்கள் இதை ‘பொட்டானிக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் சதுக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். தி மவுண்ட் வழியாக இறங்கி, பிரின்சஸ் தெருவைக் கடந்து, டண்டாஸ் தெருவில் நேராக வடக்கே இறங்கினால் கேனன்மில்ஸ், அதைத் தாண்டினால் இன்வர்லீத் ரோ. நாற்பது நிமிட நடை. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். ஆகவே போகும்போது நடந்தும் வரும்போது பேருந்திலும் என்பது என் பரிந்துரை. 23, 27 எண் லோதியன் பேருந்துகள் பூங்காவின் கிழக்கு வாசலில் நின்று, நகர மையத்தைக் கடந்து பல்கலைக்கழகப் பக்கமாக வரும். வழித்தடம் மாறக்கூடும் என்பதால் செயலியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 22 வயது நிறையாதவர்கள் ஸ்காட்லாந்தில் குடியிருந்தால் பேருந்தில் இலவசமாகப் போகலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இது உண்டு, அட்டைக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும். வந்த முதல் வாரமே விண்ணப்பியுங்கள்.

அறிவியல் மாணவர்கள் படிக்கும் கிங்ஸ் பில்டிங்ஸ் வளாகம் ஊரின் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து பூங்கா தூரம். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் போய்வருவது கடினம். அவர்கள் வகுப்பு இல்லாத முற்பகலை, அல்லது சனிக்கிழமைக் காலையைப் பிடிக்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. பூங்காவின் பரப்பு எழுபது ஏக்கருக்கு மேல். கிழக்கு வாசல் இன்வர்லீத் ரோவில், மேற்கு வாசல் ஆர்பரீட்டம் பிளேஸில். மேற்கே இருப்பது 2009-இல் திறந்த ஜான் ஹோப் கேட்வே. உணவகம், கழிப்பறை, கண்காட்சி எல்லாம் அங்கே உண்டு. உணவக விலை மாணவர் கைக்கு எட்டாதது, டிபன் பாக்ஸ் கொண்டுபோங்கள். குளிர்காலத்தில் தயிர் சாதத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. சப்பாத்திக்குள் பொரியலைச் சுருட்டிக்கொண்டு போனால் கையுறையோடே சாப்பிடலாம். குடை வேண்டாம், இந்த ஊர்க் காற்று அதைத் திருப்பி உடைத்துவிடும். தலையை மூடும் மழைக்கோட்டு, நீர் புகாத காலணி, உள்ளே அடுக்கடுக்காக மெல்லிய ஆடைகள் போதும்.

பகல் ஒரு மணிக்கு நீங்கள் பூங்காவில் இருந்தால், குளிர்கால நேரப்படி நம் ஊரில் மாலை ஆறரை. வேலையிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில் இருக்கும் நேரம். அறையிலிருந்து பேசும்போது, “சாப்பிட்டியா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்று தொடங்கும் பேச்சு, பூங்காவிலிருந்து வீடியோவில் அழைத்தால், “அது என்ன மரம், ஒரு இலைகூட இல்லையே, பட்டுப்போச்சா?” என்று வேறு பக்கம் போகும். இரு தரப்புக்கும் நல்லது.

மாதங்கள் வாரியாக

செப்டம்பர் பிற்பாதியில் வந்தவுடன் பெரும் சுற்று ஒன்று போய்விடுங்கள். வகுப்புச் சுமை அப்போது குறைவு. 165 மீட்டர் நீளப் பூப்பாத்தியும் அதன் பின்னே எட்டு மீட்டர் உயரத்துக்குச் சுவர் போல் வெட்டி வளர்த்திருக்கும் பீச் மர வேலியும் அந்த நேரத்தில் இன்னும் கோடையின் மிச்சத்தோடு இருக்கும். இன்வர்லீத் மாளிகை முன்னால் நின்றால் கோட்டையும் கோபுரங்களுமாக எடின்பரோவின் வான்கோடு தெரியும். ஊரின் அமைப்பு மனதில் படிய அந்த இடம் உதவும்.

அக்டோபர் இலைகளின் மாதம். கட்சுரா என்ற ஜப்பானிய மரத்தைத் தேடிப் போங்கள். அதன் இலைகள் மஞ்சளாகி உதிரும்போது காய்ச்சிய சர்க்கரையின் மணம் வரும். மால்டால் என்ற வேதிப்பொருள்தான் காரணம். மரத்தைக் கண்ணால் காணுமுன் மூக்குக் கண்டுபிடித்துவிடும். செமஸ்டரின் நடுப்பகுதி அசைன்மென்டுகள் அக்டோபர் கடைசியில் குவியும் என்பதால், முதல் மூன்று வாரத்துக்குள் இதைப் பார்த்துவிடுவது பாதுகாப்பு.

நவம்பர், டிசம்பர் கடினமான மாதங்கள். வகுப்பு, கட்டுரை, தேர்வு, இருட்டு எல்லாம் சேர்ந்து வரும். நம் ஊரிலிருந்து வந்தவர்களை இந்த இருட்டு ஓசையில்லாமல் அடிக்கும். தூக்கம் கலையும், காலையில் எழ முடியாது, நாள் முழுக்க அறை விளக்கிலேயே கழியும். நண்பகலில் ஒரு மணி நேரம் வெளியே நடப்பது உடலின் கடிகாரத்துக்குத் தேவை. எனவே இந்த இரண்டு மாதத்திலும் பூங்காவைப் பார்க்கும் இடம் என்பதைவிட வெளிச்சம் வாங்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசுமை மாறாத ஊசியிலை மரங்கள், பட்டையின் நிறங்கள், பாறைத் தோட்டம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்று: அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே அடிக்கும் வெயிலால் உடம்பில் வைட்டமின் டி போதுமான அளவு உருவாகாது. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளும்படி இங்கே எல்லோருக்கும் பரிந்துரைக்கிறார்கள். தெற்காசியர் போன்ற கருமை நிறத் தோலினர் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். மருந்துக்கடையிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் மலிவாகக் கிடைக்கும். நடையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். மனச் சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் நடையை மட்டும் நம்பியிருக்காமல் மருத்துவரையும் பல்கலைக்கழக ஆலோசகரையும் பாருங்கள்.

ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனித்துளிப் பூக்கள் வெள்ளையாகத் தரையைப் பிளந்து வரும். இரண்டாம் செமஸ்டர் தொடங்கிய புதிது, கெடுக்கள் இன்னும் தூரத்தில். ஆண்டிலேயே நெருக்கடி குறைந்த நாட்கள் இவை. சில ரோடோடென்ட்ரான்கள் இந்தக் குளிரிலேயே முதல் பூவை விட்டுவிடும். அந்த இனத்தோடு பழக இப்போதே தொடங்கினால் ஏப்ரலில் கண் தயாராக இருக்கும்.

ரோடோடென்ட்ரானைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எடின்பரோ பூங்காவின் உயிர்நாடி அது. ஜார்ஜ் ஃபாரஸ்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தப் பூங்காவின் உலர்தாவரக் கூடத்தில் வேலை பார்த்தவர். 1904-இல் தொடங்கிச் சீனாவின் யுன்னான் பகுதிக்கு ஏழு முறை பயணம் போனார். 1932-இல் அங்கேயே இறந்தார். அவர் அனுப்பிய விதைகளாலும் மாதிரிகளாலும் இந்த இனம் பற்றிய ஆய்வுக்கு எடின்பரோ முதன்மையான இடமாயிற்று. நீலகிரி, பழனி மலைச் சோலைகளின் ஓரத்தில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் ரோடோடென்ட்ரான் பேரினம்தான். இமயமலையிலிருந்து பல நூறு மைல் தள்ளி, நம் மலைகளில் தனித்து நிற்கும் கிளை அது. ஊட்டிப் பக்கத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே அதன் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். கையளவு உயரத்தில் பாறையோடு படர்ந்தவையும் உண்டு, மரமாக ஓங்கியவையும் உண்டு. இலையைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். சிலவற்றில் பழுப்பு நிறக் கம்பளிப் படலம் இருக்கும், சிலவற்றில் நுண்ணிய செதில்கள் இருக்கும். இனங்களைப் பிரிக்கத் தாவரவியலார் பார்க்கும் முதல் அடையாளம் அது. பறிக்காமல் புரட்டுங்கள்.

உச்சம் ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும். தேர்வும் அப்போதுதான். இந்த ஐந்தாறு வாரத்தில் மட்டும் என் ஆலோசனை சற்றுப் பிடிவாதமானது: தேர்வுக்கு முந்தைய நாளாக இல்லாத எந்த முற்பகலானாலும் போய்விடுங்கள். காலை பத்து முதல் பதினொன்றரை வரை பூங்கா, பன்னிரண்டரைக்கு நூலகம். தேர்வுக் காலத்தில் காலை ஏழு மணிக்கே எழுந்து இரண்டு மணி நேரம் படித்துவிட்டுக் கிளம்பினால் நாளின் கணக்கு எங்கும் இடிக்காது. படிக்கும் பொருளைக் கொண்டுபோவதென்றால் மடிக்கணினி வேண்டாம், அச்செடுத்த ஒரே ஒரு கட்டுரை போதும். காற்றும் வெளிச்சமும் திரையைப் பார்க்க விடாது.

மே, ஜூனில் இமயமலை நீலக் கசகசாப் பூ. அந்த நீலத்தைப் படம் சரியாகக் காட்டாது, நேரில்தான் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலை ஆய்வேட்டு மாதங்கள். வகுப்பு இல்லை, அட்டவணை இல்லை, நாளெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வகுப்பு இருந்தபோது பூங்காவுக்கு இருந்த நிலையான நாளை இப்போது விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு ஓர் அடையாளமாவது அது தரும்.

கண்ணாடி வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1834-இல் கட்டிய வெப்பமண்டலப் பனை வீடும் 1858-இல் கட்டிய மிதவெப்பப் பனை வீடும் இந்தப் பூங்காவின் பெருமைகள். அங்கே பெரிய சீரமைப்பு வேலை நடந்துவருவதால் எது திறந்திருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்பதைப் போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நேர விளக்கு அலங்காரத்துக்குத் தனி டிக்கெட் உண்டு. அழகுதான், ஆனால் செடியைப் பார்க்க அது வழியில்லை.

பெயர்ப்பலகையைப் படிப்பது

பூங்காவை வெறும் நடைபாதையாக ஆக்கிவிடாமல் காப்பது பெயர்ப்பலகைகள். செடியருகே உள்ள பலகையில் குடும்பப் பெயர், அறிவியல் பெயர், எந்த நாட்டுக்குரியது என்பவற்றோடு எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் அந்தச் செடி பூங்காவின் பதிவேட்டில் ஏறிய ஆண்டு. உங்களைவிட மூத்த செடி எது, நீங்கள் பிறந்த ஆண்டில் வந்தது எது என்று தேடத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பெயர், அன்றைய நிலை: மொட்டு, பூ, காய், இலை நிறம். பூப்பூக்கும் நாட்களை இப்படிக் குறித்துவைக்கும் பழக்கம் இந்தப் பூங்காவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஜேம்ஸ் மக்னாப் எழுதிவைத்த குறிப்புகள் பருவநிலை மாற்றத்தைப் படிக்கிறவர்களுக்கு இன்று பயன்படுகின்றன. தரவு அறிவியல், சூழலியல், பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்கு இதிலிருந்து ஆய்வேட்டுத் தலைப்பே கிடைக்கலாம். தாவரவியலில் ஆழமாகப் போக விரும்புவோருக்குப் பல்கலைக்கழகமும் பூங்காவும் சேர்ந்து நடத்தும் தாவரப் பல்வகைமை, வகைப்பாட்டியல் முதுகலைப் படிப்பும் இங்கே உண்டு.

பூங்காவே வகுப்பாக இருந்தது

படிப்பும் பூங்காவும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று நாம் பேசுகிறோம். இந்தப் பூங்கா பிறந்ததே படிப்புக்காகத்தான். 1670-இல் ராபர்ட் சிபால்டு, ஆண்ட்ரூ பால்ஃபர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹோலிரூட் அரண்மனை அருகே மூலிகைத் தோட்டமாகத் தொடங்கினார்கள். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அடுத்த பழமை இதற்கு. பிறகு இன்றைய வேவர்லி ரயில் நிலையம் இருக்கும் இடத்துக்கு வந்து, 1763-இல் லீத் வாக்குக்குப் போய், 1820-களில் இன்வர்லீத்துக்குக் குடியேறியது. லீத் வாக் காலத்தில் பேராசிரியர் ஜான் ஹோப் அங்கிருந்த சிறு வீட்டின் மேல்தளத்தில் மருத்துவ மாணவர்களுக்குத் தாவரவியல் நடத்தினார். கீழே தலைமைத் தோட்டக்காரரின் குடியிருப்பு. அந்த வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து இன்வர்லீத்தில் மறுபடி கட்டி 2016-இல் திறந்தார்கள். பொட்டானிக் காட்டேஜ் என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

ஹோப்பின் மாணவர்களில் இருவர் நம் பக்கத்துக்கு வந்தார்கள். வில்லியம் ராக்ஸ்பரோ சென்னை மாகாணத்தில் வேலை பார்த்துச் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதினார். ஃபிரான்சிஸ் புக்கானன் 1800-01இல் மைசூர், கொங்கு, மலபார் வழியாகப் பயணம் செய்து எழுதிய குறிப்புகளைக் கொங்கு வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அடுத்த தலைமுறையில் ராபர்ட் வைட். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1819-இல் சென்னை வந்த அறுவை மருத்துவர். கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணையைப் பல ஆண்டுகள் நடத்தியவர். தென்னிந்தியத் தாவரங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு நூல் வெளியிட்டார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வரைந்த எத்தனையோ நம்மூர்க் கலைஞர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. வைட் இவர்கள் பெயரைப் படங்களிலேயே அச்சிட்டார். ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்தூயா என்று பெயரும் வைத்தார். இன்றைய வகைப்பாட்டில் அது டிராப்பிடியாவோடு சேர்ந்துவிட்டது. இவர்கள் வரைந்த மூல ஓவியங்கள் எடின்பரோ பூங்காவின் தொகுப்பில் இருக்கின்றன. பூங்காவில் ஆய்வாளராக இருந்த ஹென்றி நோல்ட்டி அவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஏறத்தாழ முப்பது லட்சம் உலர்மாதிரிகள் உள்ள கூடத்தில் வைட் சேகரித்த தென்னிந்தியச் செடிகளும் உண்டு. அவற்றில் பலவற்றின் படங்களை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

நூலகத்துக்கும் ஆவணக்காப்பகத்துக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி நேரம் வாங்க வேண்டும். எதைப் பார்க்க விரும்புகிறீர்கள், ஏன் என்று இரண்டு மூன்று வரியில் தெளிவாக எழுதுங்கள். இரண்டாம் செமஸ்டரின் பிப்ரவரி மாதம் இதற்கு ஏற்றது. கையில் பென்சில் மட்டும் வைத்துக்கொண்டு, கோயம்புத்தூரிலோ குற்றாலத்திலோ பறித்த ஒரு செடியை, அதை வரைந்தவரின் பெயரோடு இங்கே உட்கார்ந்து பார்ப்பதற்காக ஒரு முற்பகலைச் செலவிடலாம்.

விதிகளும் காற்றும்

நாய், சைக்கிள், பந்து விளையாட்டு எதற்கும் அனுமதியில்லை. ஓட வேண்டுமென்றால் மேற்கு வாசலுக்கு எதிரே இன்வர்லீத் பூங்கா இருக்கிறது. இலை, விதை, காய் எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கீழே விழுந்ததும் பூங்காவுடையதுதான். ஊருக்கு விதை கொண்டுபோவது சுங்கத்திலும் சிக்கல் தரும்.

தன்னார்வப் பணிக்குச் சேர விரும்பினால் முதலில் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசனைப் பிரிவைக் கேளுங்கள். ஒப்பந்தமும் கட்டாயக் கடமையும் உள்ள ஊதியமில்லாப் பணி, வாரம் 20 மணி நேரக் கணக்குக்குள் வரும். கட்டுப்பாடில்லாத தன்னார்வ உதவி வராது. இரண்டுக்கும் கோடு மெல்லியது. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. பூங்காவில் எடுத்த காணொளியை யூடியூபில் ஏற்றி வருமானம் ஈட்டுவதும் அதற்குள் அடங்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பலத்த காற்று வீசும் நாளில் பூங்காவை மூடிவிடுவார்கள். கிளம்புமுன் அவர்களின் இணையதளத்தையோ சமூக ஊடகப் பக்கத்தையோ பாருங்கள். இது வெறும் சடங்கு அல்ல. 2025 ஜனவரியில் எயோவின் புயல் வீசியபோது, 1859-இல் நட்ட 29 மீட்டர் உயரத் தேவதாரு சாய்ந்தது. பூங்காவிலேயே உயரமான மரம் அது. மூடியிருக்கும் நாளில் அந்த நேரத்தை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள், அதே வாரத்துக்குள்.

ஆய்வேடு கொடுத்த பின்

ஆகஸ்டில் சமர்ப்பித்துவிட்டு, அறையைக் காலி செய்யுமுன் ஒரு முழு நாள் கிடைக்கும். அதைப் பென்மோருக்கு வையுங்கள். எடின்பரோ பூங்காவுக்கு ஸ்காட்லாந்தில் மூன்று துணைப் பூங்காக்கள் உண்டு: பென்மோர், டாய்க், லோகன். வளைகுடா நீரோட்டத்தின் கதகதப்பில் இருக்கும் லோகன் ஸ்காட்லாந்தின் தென்மேற்குக் கோடியில். பொதுப் போக்குவரத்தில் ஒரே நாளில் போய்வர அது சரிப்படாது. டாய்க் எல்லைப்புறக் குன்றுகளில். பென்மோருக்கு ரயிலில் கிளாஸ்கோ, அங்கிருந்து ரயில் மாறி கூரொக், படகில் டனூன், பிறகு வடக்கே ஏழு மைல் பேருந்து. உள்ளே நுழைந்ததும் 1863-இல் நட்ட ராட்சத ரெட்வுட் மரங்கள் இருபுறமும் ஐம்பது மீட்டர் உயரத்துக்கு வரிசையாக நிற்கும். இங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. மாணவர் அட்டையை மறக்காதீர்கள், படிப்புக் காலம் முடியும்வரை அது செல்லும். பேருந்து அடிக்கடி வராது. திரும்பும் பேருந்தையும் கடைசிப் படகையும் முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடின்பரோவிலிருந்து கிளம்பும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். காலை ஏழு மணி ரயில் என்றால் மதியச் சாப்பாட்டை ரெட்வுட் நிழலில் வைத்துக்கொள்ளலாம்.